பெயிண்ட் கோலம் போட்ட வாசல்

மலர்,

போன ஞாயிற்றுக்கிழமை மேலூர் ரோட்டுப் பக்கம் அந்த வீட்டைப் பார்க்கப் போனபோது அங்கே இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிற்பாடு நான் இல்லை, எனக்குக் காதில் விழவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. நீ இருந்தாய், நீலச் சுடிதாரில். உன் அண்ணன் செந்தில் இருந்தான். அவன் மனைவி சுதா, அவர்கள் மகள் யாழினி, அவள் கையில் பாதி தின்ற கொய்யாப்பழம். வீட்டைக் காட்ட வந்த புரோக்கர் பாஸ்கர். எதிர் வீட்டில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு கேட் வரைக்கும் வந்த ரிட்டையர்டு வாத்தியார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே வந்த அவர் வீட்டு அம்மா. எட்டாவது ஆள் நான். ஒன்பதாவதாக ஒருத்தி இருந்தாள். அவள் என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தாள்.

இதை என் கையாலேயே எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியவர் யார், என்ன காரணம் சொன்னார் என்பதெல்லாம் எனக்கு மறக்கவில்லை, அது இப்போது வேண்டாம். யாழினியிடம் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, மூன்று நாளாக மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அண்ணனும் சுதாவும் படித்த பிறகுதான் இது உன்னிடம் வரும். அவர்கள் படிக்கட்டும், வேறு யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். மூடி மூடிப் பேசியே இந்தக் குடும்பத்தில் ஓர் உயிர் போயிருக்கிறது.

பதினாறு வருடம் பெங்களூரில் இருந்துவிட்டு ஊருக்கே வருகிறேன், தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்துவிட்டது என்று நீ போனில் சொன்னபோது ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் பக்கத்து இந்த வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கேயே தங்கிக்கொள்ளேன் என்று செந்தில் கேட்டான். "உங்க ரெண்டு ரூமுக்குள்ள நானும் வந்தா யாழினி எங்கண்ணே படிப்பா? எனக்குன்னு ஒரு கதவு வேணும்" என்றாய். நியாயம். நாற்பத்தொரு வயதில் ஒருத்தி தனக்கென்று ஒரு கதவு கேட்பதில் என்ன தப்பு? கல்யாணம் வேண்டாம் என்று நீ சொன்னதற்கு உன்னோடு நான் ஏழு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கதவுக்கும் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

ஆக இரண்டு வீடு பார்த்தாய். ஒன்று தில்லை நகரில், மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் லிஃப்ட் இல்லை. ஜன்னலைத் திறந்தால் ஹாரன், மூடினால் புழுக்கம். வண்டி நிறுத்த இடம் கிடையாது. போதாததற்குக் கீழ்வீட்டு அம்மா படிக்கட்டிலேயே உன்னை மறித்துக்கொண்டாள். "ஒண்டியாவா இருக்கப் போறீங்க? ஏன், கல்யாணம் ஆகலையா? டூட்டி முடிஞ்சு எத்தனை மணிக்கு வருவீங்க? சொந்தக்காரங்க யாராச்சும் வந்து போவாங்களா?" நீ முகம் சிவந்து இறங்கி வந்தாய். "இவங்க கேக்குற கேள்விக்கே இந்த வீடு வேணாம்மா" என்றாய். இன்னொன்று இந்த மேலூர் ரோட்டு வீடு. தனி வீடு, பின்னால் வாழைத்தோப்பு, வாசலில் இரண்டு தென்னை, காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. எங்களுக்கும் ஆட்டோவில் பத்து நிமிடம். நினைத்தபோது உன் முகத்தை நான் வந்து பார்க்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்று சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் அந்த வீடு பிடித்துப்போனது. யாழினி மொட்டை மாடியில் இருந்து, "அப்பாயி, இங்க வந்து பாருங்க, ராஜகோபுரம்!" என்று கத்தினாள். சுதா வாசலில் குனிந்து பார்த்துவிட்டு, "பெயிண்ட்லயே கோலம் போட்டு வெச்சிருக்காங்க அத்தை. மலருக்குக் காலைல ஒரு வேலை மிச்சம்" என்றாள். சுற்றிலும் காவிப் பட்டை, நடுவில் வெள்ளைப் பெயிண்டில் எட்டிதழ்த் தாமரை. நான் அதை மிதிக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தேன். நீ அதைப் பார்த்தாய். அப்போதுதான் உன் அண்ணன் அந்த வாத்தியாரிடம் பேசினான். "என் தங்கச்சி ஒருத்திதான் சார் இருப்பா. ஆள் போக்குவரத்து எதுவும் இருக்காது. நீங்களும் அநாவசியமா வந்து பாக்க வேணாம்." வாத்தியார், "அதுவும் சரிதான் தம்பி, காலம் கெட்டுக் கிடக்கு, நமக்கெதுக்கு" என்று தலையாட்டினார். அவர் வீட்டு அம்மா உன்னைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதைக் கேட்டதும் மூடிக்கொண்டாள்.

அது செந்தில் பேசிய பேச்சில்லை, மலர். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் வேறொரு வாசலில், இதே மாதிரி ஒரு பெயிண்ட் தாமரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் பேசியது. அவனும் அன்றைக்கு என் பக்கத்தில் நின்றிருந்தான். அப்பாவியாகக் கேட்டுக்கொண்டவன், பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தந்துவிட்டான்.

திரும்பும்போது ஆட்டோவில் நீயும் நானும்தான். "ஏம்மா ஒன்னுமே பேசல?" என்றாய். "வெயிலு" என்றேன். "எனக்கு ரெண்டு வீட்டுலயும் குறை தெரியுது. நீ எதைச் சொல்றியோ அதையே எடுத்துக்கறேன், போ" என்றாய். மருந்து வாங்க வேண்டும் என்று சொல்லித் தெருமுனையிலேயே இறங்கிவிட்டேன். அது பொய். நமக்கு நடுவில் உன் சித்தி சரோஜா உட்கார்ந்து வந்தாள். அவளும் ஒரு நாள் இதையேதான் சொன்னாள்.

உன் சித்தியைப் பற்றி உனக்குச் சொன்னது இவ்வளவுதான்: பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள், எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். நீ அப்போது கோயம்புத்தூர் ஹாஸ்டலில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். சொன்னதில் பொய் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் அதிகம்.

சரோஜா என்னைவிட ஆறு வயது சின்னவள். துறையூரில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். எங்கள் அம்மா படுக்கையில் விழுந்து ஒன்பது வருடம் கிடந்தாள். வேலைக்கும் போய்க்கொண்டு அவளையும் தூக்கி எடுத்தது சரோஜாதான். கல்யாண வயது அதிலேயே போய்விட்டது. அம்மா போன பிறகு திருச்சிக்கு மாற்றல் வாங்கினாள். அப்போது நாம் மலைக்கோட்டைக்குக் கீழே, அந்தச் சந்தில் ஸ்டோர் வீட்டில் இருந்தோம். ஒரே தெருவாசல், உள்ளே வரிசையாக ஏழு குடித்தனம், ஏழுக்கும் ஒரு குழாய். மாடியில் ஒற்றை ரூம் காலியாக இருந்தது. சரோஜா வந்து கேட்டாள்: "அக்கா, மாடி ரூம் காலியாமே, நான் எடுத்துக்கட்டுமா? உனக்குத் தொந்தரவா இருக்க மாட்டேன். சமையலும் தனியா பண்ணிக்கறேன். தண்ணி புடிக்கையில ரெண்டு வார்த்தை பேச ஆள் இருந்தாப் போதும் எனக்கு."

பார்க்கலாம் என்றேன். மறுநாள் குழாயடியில் மூன்றாம் வீட்டுப் பட்டம்மாள் குடத்தை நகர்த்திக்கொண்டே, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி ஆரம்பித்தாள். "உன் தங்கச்சி மாடிக்கு வருதாமே? நல்லதுதான்டி. உனக்கும் கை ஒத்தாசை. உன் வீட்டுக்காரருக்கும் வீடு கலகலன்னு இருக்கும்." இரண்டு பேர் சிரித்தார்கள். யார் யார் என்று தெரியும். ஒருத்தி செத்துவிட்டாள், ஒருத்திக்கு இப்போது கண் தெரியவில்லை. உன் அப்பாவை உனக்குத் தெரியும். பெரிய கடை வீதியில் நாள் முழுதும் பெண்களுக்குப் புடவை விரித்துக் காட்டின மனுஷன். சாயங்காலம் கேட்டால் எந்தக் கலர் போனது என்று சொல்வார், எந்த முகம் வாங்கியது என்று சொல்லத் தெரியாது. அதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் அந்தச் சிரிப்பு என் காதில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அன்று சாயங்காலமே சரோஜாவிடம், "ஸ்டோரெல்லாம் உனக்குச் சரிப்படாது. பொதுக் கக்கூஸு, ஓயாத சத்தம், ஆளாளுக்கு ஒரு கேள்வி. கொள்ளிடம் தாண்டிப் புதுசா ஒரு நகர் போட்டிருக்காங்க. தனி வீடு. கௌரவமா இருக்கலாம்" என்றேன். "அவ்ளோ தூரமாக்கா?" என்றாள். "தூரம் என்ன தூரம், சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறினா கொண்டுபோய் விடுது" என்றேன். நகத்தைப் பார்த்துக்கொண்டே, "சரிக்கா, நீ சொன்னா சரி. நீ எதைச் சொல்றியோ அதையே எடுத்துக்கறேன்" என்றாள். உன் அப்பா பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபம் அவர் படத்துக்கு மாலை போடுகிறபோதும் எனக்கு இருக்கிறது.

குடிவைத்த அன்று அந்த வீட்டை என் கௌரவத்துக்கு ஏற்றபடி ஏற்பாடு செய்தேன். விடிந்தும் விடியாமல் ஒற்றைப் பெண் தெருவில் குனிந்து கோலம் போட்டால் போகிறவன் வருகிறவன் பார்ப்பானே என்று, பெயிண்டரைக் கூப்பிட்டு வாசலில் தாமரை போட வைத்தேன். பால்காரன் தினமும் வாசலுக்கு வர வேண்டாம், பஸ் ஸ்டாப் கடையில் பாக்கெட் வாங்கிக்கொள் என்றேன். எதிர் வீட்டு விமலாவும் அவள் புருஷனும் விசாரிக்க வந்தார்கள். "என் தங்கச்சி ஒருத்திதான் இருப்பா. ஆள் போக்குவரத்து எதுவும் இருக்காது. நீங்களும் அநாவசியமா வந்து பாக்க வேணாம்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். சரோஜா எனக்குப் பின்னால் நின்று விமலாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், ஒரு தோழி கிடைத்துவிட்ட மாதிரி. நான் பேசி முடித்ததும் அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போய்விட்டாள்.

மூன்று வருடம் அங்கே இருந்தாள். எப்போதாவது நான் போனால் மாடிக்குக் கூட்டிப் போவாள். "அந்த லைட்டு தெரியுதா, அதான் மலைக்கோட்டை. அதுக்கு நேர் கீழதான்க்கா உன் வீடு" என்பாள். ஒவ்வொரு முறையும் அதையே காட்டுவாள். வீடு பிடித்துப்போய்க் காட்டுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, நகர முடியவில்லை. அந்த நகருக்கு அப்போது போன் வயர் வந்திருக்கவில்லை. திங்கட்கிழமை ஆபீசுக்கு வரவில்லையே என்று அங்கே இருந்தவர்கள் உன் அப்பா வேலை பார்த்த கடைக்கு போன் செய்தார்கள். உன் அப்பாவும் ஆபீஸ் பியூனும் போய்க் கதவை உடைத்தார்கள். இரண்டு பகல், இரண்டு ராத்திரி, மலர். ஈரத் தரையில். நாற்பத்தொரு வயது அவளுக்கு.

எங்கள் ஸ்டோரில் ஏழு குடித்தனத்துக்கும் ஏழு நிலைப்படி, ஏழு சின்னக் கோலம். ஒருத்தி வாசலில் கோலம் விழவில்லை என்றால் காபி குடிக்கிற நேரத்துக்குள் அடுத்த வீட்டுக்காரி கதவைத் தட்டிவிடுவாள். காய்ச்சலா, புருஷனோடு சண்டையா, கேட்காமல் விட மாட்டாள். அந்தப் பட்டம்மாளே எனக்கு டைபாய்டு வந்தபோது அப்படித்தான் கதவைத் தட்டினாள். சரோஜா வாசலில் சனிக்கிழமை தாமரை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இருந்தது. திங்கட்கிழமை கதவை உடைத்தபோதும் ஓர் இதழ் கலையாமல் இருந்தது.

விமலாவைப் பிடித்து உலுக்கினேன். "ஒரு சத்தம்கூடவா கேக்கல? நீயெல்லாம் பொம்பளையா?" என்றேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "சனிக்கிழமை கூப்பிட்ட மாதிரிதான்க்கா இருந்துச்சு. கேட் வரைக்கும் வந்தேன். வாசல்ல கோலம் பளிச்சுன்னு இருந்துச்சு. இவருதான், அந்த அக்கா அவ்ளோ சொல்லிட்டுப் போச்சே, தனியா இருக்குற பொண்ணு வீடு, நாம ஏன் போகணும்னாரு. நீங்கதானேக்கா சொன்னீங்க?"

ஆஸ்பத்திரியில் சரோஜாவுக்கு நினைவு வந்தது. பெரிய வார்டு, வரிசையாகக் கட்டில், பாயில் படுத்த ஆட்கள், பிள்ளை அழுகிற சத்தம், தூக்குவாளி உருளுகிற சத்தம். தனி ரூம் எடுக்கலாமா என்று உன் அப்பா கேட்டார். "வேணாம் மாமா. இங்கயே நல்லாருக்கு, சுத்தி ஆளுங்க இருக்காங்க" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நான் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவள் சாகிற அன்று காலையில் துறையூர்ச் சொந்தமெல்லாம் கட்டிலைச் சுற்றி நின்றது. யாரோ ஒருத்தி, "அந்தக் காட்டுல கொண்டுபோய் உன்னை யாருடி வெச்சது?" என்று என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். சரோஜா, "அக்கா மேல தப்பில்ல. எனக்கு நல்லதுதான் பண்ணுச்சு" என்றாள்.

காரியமெல்லாம் முடிந்து பூ வாங்கத் தெப்பக்குளத்துக்குப் போனேன். பூக்காரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க ஜாடையில கண்ணாடி போட்ட அம்மா ஒண்ணு வருமே, எங்க காணோம்?" என்றாள். "தினம் ஆபீஸ் விட்டு வந்து இந்தப் படியில உக்காந்திருக்கும். ஜனங்களைப் பாத்துக்கிட்டே இருக்கும். ஒரு முழம் பூ வாங்கும், ஏழரை பஸ்ஸுக்கு எந்திரிச்சுப் போயிடும். பேச்சே கிடையாது." அங்கே இருந்து நம் சந்து நாலு நிமிட நடை. மூன்று வருடம் அவள் அந்த நாலு நிமிடம் நடந்து வரவில்லை. வந்தால் நான் என்ன கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியும்: பொழுது போன நேரத்துல தனியா என்ன சுத்தல்?

இன்றைக்கும் கடைத்தெருவில் யாராவது "அக்கா" என்று கூப்பிட்டால் நான் நின்றுவிடுகிறேன். சுதா குளித்துவிட்டு வர இரண்டு நிமிடம் கூடினால் கதவைத் தட்டுகிறேன். அவள் சலித்துக்கொள்கிறாள். சுதா, இதைப் படிக்கிறாய் அல்லவா, காரணம் இதுதான்.

இப்போது வீட்டு விஷயம். தில்லை நகரில் உன்னைப் படிக்கட்டில் மறித்தாளே அந்தக் கீழ்வீட்டு அம்மா, அவளை எனக்கும் பிடிக்கவில்லை. மூக்கை எல்லாவற்றிலும் நுழைக்கிறவள், பட்டம்மாள் ஜாதகம். ஆனால் நீ எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டு வைத்துக்கொள்கிறவளுக்குத்தான் நீ வராத அன்று தெரியும். அவள் உன்னைப் பற்றி நாலு கதை கட்டுவாள். கட்டட்டும். கதை கட்டவாவது அவள் உன் கதவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அந்த வீடுதான். சத்தமாகவே சொல்கிறேன், தில்லை நகர்.

உனக்கு மேலூர் வீடுதான் என்று மனதில் இருந்தால், காற்றும் தோப்பும் வேண்டும், வேலை முடிந்து வந்தால் சத்தமில்லாமல் கிடக்க வேண்டும் என்றால் அதையும் எடு. நானே பாஸ்கரிடம் சொல்லி அந்தத் தாமரையைச் சுரண்ட ஆள் கொண்டுவருவேன். தண்ணீர் தெளித்துத் தினம் ஒரு கோடாவது நீ இழுக்க வேண்டும். அண்ணன் போய் அந்த வாத்தியாரிடம் தன் வார்த்தையைத் திருப்பி வாங்க வேண்டும். செந்தில், நீயும் படித்துக்கொள், ஞாயிற்றுக்கிழமைக்குள் போகாவிட்டால் இந்த முட்டி வலியோடு நான் போவேன். அந்த அம்மா ஏதோ கேட்க வந்து வாயை மூடிக்கொண்டாளே, அது என்ன என்று நீ போய்க் கேள், மலர். ஒரு சாவியை அவள் கையில் கொடு.

எதுவானாலும் உன் வாயில் இருந்து வரட்டும். கல்யாணம் வேண்டாம் என்று என் முகத்துக்கு நேரே சொன்னாயே, ஏழு வருடம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டும் அசையவில்லையே, அந்த வாயால் சொல். என்னை எதிர்த்துச் சொன்னால் நாலு நாள் பேசாமல் இருப்பேன், அப்புறம் ரசம் வைத்துக் கொடுத்தனுப்புவேன். நீ எதைச் சொல்றியோ அதையே எடுத்துக்கறேன் என்று மட்டும் என்னிடம் இனி சொல்லாதே.

பட்டம்மாள் சாகக் கிடந்தபோது போய் வாயில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுவிட்டு வந்தேன். அவளை விட்டுவிட்டேன். விமலா நான் சொன்னதைச் செய்தாள், அவளையும் விட்டாயிற்று. என்னோடு நானே இருபத்திரண்டு வருடமாக ஒரே பாயில் படுத்து எழுந்திருக்கிறேன். ஏதோ ஒரு சமாதானம் ஆகித்தான் எனக்குச் சோறு இறங்குகிறது. ஆனால் பிடிக்காத வீட்டுக்கு அக்கா சொன்னாளே என்று தலையாட்டிக்கொண்டு போனவள், தெப்பக்குளத்துப் படி வரைக்கும் வந்தும் ஒரு நாள்கூட என் கதவை உதைத்து, அங்க பயமா இருக்கு, என்னால முடியாது போடி என்று கத்தாதவள், கடைசியில் அத்தனை பேர் முன்னால் அக்கா மேல தப்பில்ல என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டவள், அவளை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். என் தங்கச்சி சரோஜாவை.